மகளைக் கோலில் நிறுத்தலாமா?

(கையால் பந்தை எறிந்து கோல் போடும் ஆட்டமான ஹேண்ட்பாலைப் பெண்கள் ஆடுவது குறித்த வாசகர் கேள்விகளுக்கு முன்னாள் கோல்கீப்பர் ஒருவர் பதில் சொல்கிறார்.)

கே: என் மகளுக்கு 14 வயது. ஹேண்ட்பால்தான் என் தொழில் என்று உறுதியாக இருக்கிறாள். ஆனால் கோச் அவளைக் கோல்கீப்பராக்கிவிட்டார். ஓடத் தெரியாதவளைத்தான் அங்கே நிறுத்துவார்கள் என்று தோழிகள் சொன்னதால் அழுகிறாள். கோச்சிடம் பேசட்டுமா?

ப: வேண்டாம் அம்மா, மாற்றச் சொல்லாதீர்கள். அந்தத் தோழிகளுக்கு ஆட்டம் இன்னும் பிடிபடவில்லை. கோலைச் சுற்றியுள்ள ஆறு மீட்டர் கோட்டுக்கு வெளியே எம்பி, கோட்டைத் தாண்டிக் காற்றில் வரும்போதே பந்தை எறிகிறாள் எதிராளி. தடுப்பவளுக்குக் கையுறைகூடக் கிடையாது. ஓரத்திலிருந்து விங் ஆட்டக்காரி எறியும்போது, பக்கத்துக் கம்பத்தை ஒட்டி நின்று, ஒரு கையை உயர்த்தி, மறுபக்கக் காலைத் தோள் வரைக்கும் வீச வேண்டும். ஓடத் தெரியாத பெண்ணால் நடக்கிற காரியமா இது?

நார்வேயின் கோல்கீப்பர் காத்ரினே லுண்டேவைப் பற்றி அவளுக்குச் சொல்லுங்கள். 2008, 2012 ஒலிம்பிக்கில் தங்கம். அப்புறம் 2024 பாரிஸில், 44 வயதில், இன்னொரு தங்கம்! அவருடைய இரட்டைச் சகோதரி கிறிஸ்டினேவும் 2008-இல் அதே அணியில் ஆடித் தங்கம் வென்றவர். அவர் களத்தில் நடுவில் நின்று ஆட்டத்தை நடத்தியவர். பாரிஸுக்குப் பல வருடங்கள் முன்பே ஆட்டத்தை விட்டுவிட்டார். கீப்பர்தான் நீண்ட காலம் ஆடுவார் என்று ஒருவரை வைத்துப் பொதுவிதி சொல்லக் கூடாதுதான். ஆனாலும் எம்பி இறங்கும்போதும் சட்டென்று திசை திரும்பும்போதும் முழங்கால் ஜவ்வு கிழிவது களத்தில் ஆடும் பெண்களை வருடக்கணக்கில் உட்கார வைக்கிறது. கீப்பருக்கு அந்த ஆபத்து குறைவு. அதற்காக அவளுக்கு அடியே படாது என்று நினைத்துவிடாதீர்கள். பந்து வந்து மோதும் வேகத்தில் முழங்கை பின்பக்கமாக வளையும். முழங்கையை மடக்கும் முன்தசையை இப்போதிருந்தே வலுப்படுத்தச் சொல்லுங்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். பெரிய ஆட்டங்களில் மூன்றில் ஒரு பந்தைத் தடுத்தாலே நல்ல கீப்பர் என்பார்கள். அதாவது மூன்றில் இரண்டு உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கும். வரிசையாக ஐந்து கோல் வாங்கிய பிறகு, வலையில் கிடக்கும் பந்தை எடுத்து உடனே நடுக்கோட்டுக்கு வீசுகிறாளா, இல்லை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறாளா என்று பாருங்கள். உடனே வீசுகிற பெண் என்றால் கோச் சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்.

கே: இதில் பிழைக்க முடியுமா? படிப்பை நிறுத்திவிட்டு முழுநேரமும் ஆடலாமா?

ப: பிழைக்கலாம். ஆனால் படிப்பை நிறுத்தாதே. நார்வேயின் வைப்பர்ஸ் கிறிஸ்டியான்சான் கிளப் 2021, 2022, 2023 என்று மூன்று வருடம் தொடர்ந்து ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கை வென்றது. லுண்டே ஆடியதும் அங்கேதான். 2025 ஜனவரியில் அந்தக் கிளப் திவாலாகிவிட்டது. சாம்பியன் கிளப்புக்கே இந்த நிலைமை என்றால், சின்னக் கிளப்பின் ஒப்பந்தத்தை மட்டும் நம்பி எப்படி இருப்பது? எந்தக் கிளப் கூப்பிட்டாலும் முதலில் இதைக் கேள்: காயம்பட்டு ஆட முடியாத மாதங்களில் சம்பளம் உண்டா? ஆம் என்றால் எழுத்தில் வாங்கிக்கொள். வாய்வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போடாதே.

கே: குழந்தை பெற்ற பிறகு திரும்பவும் ஆட முடியுமா? எனக்கு 27 வயது.

ப: தாராளமாக. நெதர்லாந்தின் எஸ்தவானா போல்மன் 2017-இல் மகளைப் பெற்றார். 2019 உலகக் கோப்பையை அவருடைய அணி வென்றது. தொடரின் சிறந்த ஆட்டக்காரியும் அவரேதான். நீங்கள் முதலில் மருத்துவரிடம் கருப்பையை அடியிலிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசையைச் சோதித்துக்கொள்ளுங்கள். அது வலுவான பிறகு ஓட்டம். எம்பிக் குதிப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்.