பாயின்ட் டூ டூவும் ஆர்.சி. புக்கும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் அமெரிக்கப் பயணக் குறிப்பில், சித்தப்பா மகன் சாப்பாட்டு மேஜையில் வைத்து ஒரு பாயின்ட் டூ டூ ரைஃபிளை (0.22 அங்குலக் குழல்) பிரித்துப் பூட்டியதை எழுதியிருந்தீர்கள். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் டூல் ரூம் வேலை பார்ப்பவன். லேத், மில்லிங், கிரைண்டிங் எல்லாம் கைப்பழக்கம். அதைப் படித்ததிலிருந்து கை அரிக்கிறது. பொழுதுபோக்காக அப்படி ஒரு ரைஃபிளை இங்கே நாமே கட்ட முடியுமா? "பேரல், அதாவது குழல் மட்டும் செய்தால் அது துப்பாக்கி ஆகாது, குற்றமில்லை" என்கிறார் ஒரு நண்பர். சரிதானா? முடியாது என்றால் அந்தச் சுகத்துக்கு வேறு என்ன வழி? அப்படியே, தோளில் அணைத்துப் பிடிக்கிற கட்டைக்கு எந்த மரம் நல்லது என்றும் சொல்லுங்கள். பெயர் வேண்டாம்.

அம்பத்தூர் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் நண்பர் சொன்னது தப்பு, ஆபத்தான தப்பு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் முழுத் துப்பாக்கி மட்டுமல்ல, அதன் பாகங்களும் அடக்கம். அதைச் செய்கிற இயந்திரங்களும்கூட அடக்கம். உரிமம் இல்லாமல் செய்வது, மாற்றி அமைப்பது, பழுது பார்ப்பது எல்லாமே குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு, மேலே ஆயுள் வரை போகும். 'ஹாபிக்காகச் செய்தேன் ஐயா' என்றால் எந்த இன்ஸ்பெக்டரும் டீ வாங்கித் தரமாட்டார். முதலாளியின் லேத்தும் சேர்ந்து போகும். அந்த நண்பரிடம் இனி கிரிக்கெட் மட்டும் பேசுங்கள்.

சரி, அங்கே மட்டும் எப்படி முடிகிறது?

புதுப்பேட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் பழைய ஆர்.எக்ஸ். 100 வாங்குகிறான். டேங்க் மாற்றுகிறான், சைலன்சர், ஹேண்டில்பார், சீட், வீல் எல்லாம் மாற்றுகிறான். கடைசியில் வாங்கியபோது இருந்ததில் மிஞ்சுவது சேசிஸ் நம்பரும் ஆர்.சி. புக்கும்தான். ரூகர் 10/22 என்ற ரைஃபிளின் கதையும் அதேதான். 1964இல் வந்தது. பத்துத் தோட்டா, பாயின்ட் டூ டூ, அதுவே பெயரும். அமெரிக்கச் சட்டப்படி அதில் 'துப்பாக்கி' என்பது ரிசீவர் என்கிற நடு உடம்பு மட்டும். சீரியல் நம்பர் அதில்தான் இருக்கிறது. அதைக் கடையில் வாங்க வேண்டுமானால் விசாரணை உண்டு. மற்ற பாகங்கள் தபாலில் வீட்டுக்கே வரும். பெரும்பாலான ரைஃபிள்களில் பேரலைத் திருகி இறுக்கியிருப்பார்கள், கழற்ற விவரம் தெரிந்த ஆள் வேண்டும். இதில் வி வடிவப் பிடி ஒன்றும் இரண்டு திருகும்தான். அந்த ஒரு ஏற்பாட்டை நம்பியே பேரல், ட்ரிகர், கட்டை என்று தனித்தனியாகச் செய்து விற்கிற ஒரு தொழில் அங்கே முளைத்துவிட்டது.

தம்பி மேஜையில் செய்ததைப் பார்த்து நீங்கள் அதை இயந்திர வேலை என்று நினைத்துவிட்டீர்கள். கிட்டே உட்கார்ந்திருந்த எனக்கு அது வைத்தியர் வேலை மாதிரி இருந்தது. திருகு கழற்றியது பத்து நிமிஷம். மீதி ஆறு மாதம் நோட்டுப் புத்தகத்தில்தான் போனது. பேரலை மட்டும் மாற்றுவான். ஐம்பது கஜத்தில் ஐந்து ஐந்தாகச் சுட்டு, அட்டையில் விழுந்த ஓட்டைகளின் இடைவெளியை அளந்து எழுதுவான். அப்புறம்தான் கட்டை, அதற்கப்புறம் ட்ரிகர். இரண்டை ஒரே நாளில் மாற்றவே மாட்டான். "ரெண்டையும் மாத்திட்டா எது சரியாச்சுன்னு யாரு அண்ணா சொல்லுவா?" என்றான். நம் வீட்டில் ஒரே நேரத்தில் மூன்று டாக்டரிடம் மருந்து சாப்பிடுபவர்களை நினைத்துக்கொண்டேன்.

தோட்டா விஷயத்தையும் சொல்ல வேண்டும், அங்கேதான் இந்தப் பைத்தியம் முற்றுகிறது. பாயின்ட் டூ டூ தோட்டா ரிம்ஃபயர் வகை. ரிம்ஃபயர் என்றால் தீப்பற்றும் மருந்து தோட்டாவின் அடிவிளிம்புக்குள் இருக்கிறது. ஊசி அந்த விளிம்பை நசுக்கினால் பற்றிக்கொள்ளும். இன்று எல்லோரும் சுடுகிற 22 லாங் ரைஃபிள் தோட்டா 1887இலிருந்து இருக்கிறது. ஈயக் குண்டின் எடை ஏறக்குறைய 2.6 கிராம். பெரிய ரைஃபிள்காரர்கள் காலித் தோட்டாவில் மறுபடி மருந்து நிரப்பி, தங்கள் கணக்குக்குத் தோதாகச் செய்துகொள்வார்கள். இதில் அது நடக்காது, விளிம்பு நசுங்கியது நசுங்கியதுதான். ஆகவே தோட்டாவைத் தேர்ந்தெடுக்கத்தான் முடியும். மருந்து விளிம்புக்குள் சுற்றிலும் சீராகப் பரவியிருக்க வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் வேகம் மாறும், தாளில் ஓட்டை மேலோ கீழோ போகும். அதனால்தான் ஒரே கம்பெனி, ஒரே பெட்டி, லாட் நம்பர் மட்டும் வேறு என்றால்கூடப் பலன் மாறுகிறது. தம்பி ஐந்து வகை வாங்கிவந்து சுட்டுப் பார்த்தான். விலை கூடினது ஜெயிக்கவில்லை. விலையில் நாலாவதாக இருந்ததைத்தான் அவன் பேரல் ஏற்றுக்கொண்டது. "பேரலுக்கு நாக்கு இருக்கு அண்ணா" என்றான்.

இன்னொன்று. வேகம் கூடினால் நல்லது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். குறிபார்த்துச் சுடுகிறவர்கள் வேண்டுமென்றே மெதுவான தோட்டாவை எடுக்கிறார்கள், ஒலியின் வேகத்துக்குக் கொஞ்சம் கீழே. ஒலியை மிஞ்சிக் கிளம்புகிற குண்டு வழியில் வேகம் குறைந்து அந்த எல்லையைக் கடக்கும்போது ஆட்டம் கண்டுவிடுகிறது.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. அந்தச் சுகம் இங்கேயும் கிடைக்கும், காற்றின் அழுத்தத்தில் சுடுகிற ஏர் ரைஃபிளில். 0.177 அங்குலக் குழல், 20 ஜூலுக்கு மிகாத சக்தி என்றால் உரிமம் தேவையில்லை. அந்த எல்லையைத் தாண்ட வைக்கிறேன் என்று ஸ்பிரிங்கையோ வால்வையோ நோண்டாதீர்கள், அங்கே சட்டம் மறுபடி ஆரம்பிக்கிறது. கட்டை, கன்னம் சாய்க்கிற மேடு, பெல்லட் என்கிற சின்ன ஈயக் குண்டின் தேர்வு, டெலஸ்கோப், ஸ்கோப்பைப் பிடிக்கிற கிளாம்ப் என்று கைவைக்க நிறைய இருக்கிறது.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஸ்பிரிங்கால் காற்றை அழுத்துகிற ஏர் ரைஃபிள் ஒன்று வாங்கினேன். நிஜத் துப்பாக்கிக்கான டெலஸ்கோப் ஒன்று கிடைத்தது, அதைப் பூட்டினேன். ஒரு மாதத்தில் உள்ளே இருந்த சிலுவைக் கோடு சாய்ந்துவிட்டது. ஸ்பிரிங் ரைஃபிள் பின்னாலும் உதைக்கும், உடனே முன்னாலும் உதைக்கும். முன்னால் வருகிற அந்த உதையைத் தாங்க வேறு மாதிரி ஸ்கோப் வேண்டும் என்பது காசு போன பிறகுதான் தெரிந்தது.

ஸ்கோப்பை மாற்றினேன், நன்றாகப் போனது. நவம்பர் வந்தது. அடைமழை, நாலு நாள் துணி காயவில்லை. பத்து மீட்டரில் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழுந்துகொண்டிருந்தவை திடீரென்று இடது பக்கம் ஓடின. பெல்லட்டைச் சந்தேகப்பட்டேன், நகைக்கடைத் தராசு வாங்கி ஒவ்வொன்றாக எடை போட்டேன். அரைகிராம் சில்லறை எடையுள்ளதை இருநூறு முறை தட்டில் வைத்து எடுத்தேன். வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. அப்புறம் மூச்சைச் சந்தேகப்பட்டேன். கண்ணாடியைக்கூட மாற்றிப் பார்த்தேன். இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் துடைக்கும்போது கட்டைக்கும் இரும்புக்கும் நடுவில் விசிட்டிங் கார்டை விட்டுப் பார்த்தேன். வலது பக்கம் வழுக்கிக்கொண்டு போனது, இடது பக்கம் நுழையவே இல்லை. மரம் ஈரத்தில் ஊதி ஒரு பக்கமாக நெட்டித் தள்ளியிருக்கிறது. உப்புத்தாள் போட்டு இழைத்து, எண்ணெய் ஏற்றி, திருகுகளை மறுபடி இறுக்கினேன். முதல் ஐந்தும் பழைய இடத்தில் விழுந்தன. அன்றைக்கு வந்த சந்தோஷம்தான் தம்பியின் ஆறு மாத நோட்டில் இருந்த சந்தோஷம் என்று நினைக்கிறேன். நீங்கள் டூல் ரூம்காரர், மைக்ரான் பார்த்த கண். என்னைப்போல் இரண்டு வாரம் எடுக்கமாட்டீர்கள்.

சுடுவதற்கு மொட்டை மாடி வேண்டாம். அடுத்த மாடியில் துணி காயப்போடுகிற அம்மா போலீஸுக்கு போன் போடுவார், அவர் பக்கம் நியாயமும் இருக்கும். கிளப்புக்குப் போங்கள். சென்னை ரைஃபிள் கிளப் எழும்பூரில் பழைய கமிஷனர் அலுவலக வளாகத்தில் இருக்கிறது. வேப்பேரியில் இருக்கும் புதிய கமிஷனர் அலுவலகத்துக்குப் போய்விடாதீர்கள். நடிகர் அஜித்தே ஒருமுறை அங்கே போய் இறங்கியதாகச் செய்தி வந்தது. நிஜமான பாயின்ட் டூ டூவைத் தொட உங்களுக்கு நேர்வழியும் இப்படியொரு கிளப்தான். 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கிய 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டி இதே ரிம்ஃபயர் தோட்டாவில்தான் நடக்கிறது. அங்கே பத்து மதிப்பெண் வட்டம் 10.4 மில்லிமீட்டர். 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் அது அரை மில்லிமீட்டர் புள்ளி. ஏர் ரைஃபிள் என்றதும் பொருட்காட்சியில் பலூன் சுடுகிற சமாசாரம் என்று உங்கள் முகம் சுருங்கியிருந்தால், அந்தப் புள்ளியை ஒரு தாளில் பேனாவால் குத்திவிட்டுப் பத்து மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், எல்லாம் ஈயம்.

மரம். உலகம் முழுக்க வால்நட்டைத்தான் சொல்வார்கள். நமக்கு அது கட்டாது. நான் செய்தது மயிலாப்பூரில் இடித்த ஒரு பழைய வீட்டின் தேக்கு நிலைப்படியில். பல வருஷம் வெயிலும் மழையும் பார்த்த மரம், ஊத வேண்டியதெல்லாம் ஊதி அடங்கியிருக்கிறது. போன இரண்டு நவம்பரிலும் விசிட்டிங் கார்டு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி போனது. ரேகை நீளவாக்கில் ஓடுகிற துண்டாகப் பார்த்து எடுங்கள், ஆணி அடித்த ஓட்டை இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஒரே தொல்லை, தேக்குக்குள் மணல் சத்து உண்டு, உளி முனையைத் தின்றுவிடும். அரை மணிக்கொரு தடவை தீட்ட வேண்டியிருக்கும். மரம் வாங்குகிற அன்றைக்கே நல்ல சாணைக்கல்லும் ஒன்று வாங்கிவிடுங்கள்.