குமரித் துறையில் அயிரை தின்ற அன்னம்: கேள்வி பதில்

தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான், ஊர் நாகர்கோவில். அன்னத்தைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

தேரூரிலிருந்து ஒருவர்: டீச்சர், அன்னம்னு ஒரு பறவை நிஜமாவே உண்டா? பாலையும் தண்ணியையும் பிரிக்குமாமே?

பறவை உண்டு தம்பி. பாலைப் பிரிப்பது உவமை. கற்க வேண்டியதைத் தெரிந்தெடுத்துக் கற்கச் சொல்ல நாலடியார் அதைத்தான் எடுத்தாள்கிறது. காலண்டர் படத்தில் கழுத்தை வளைத்து வெள்ளைவெளேரென்று நிற்கும் பறவை நம் குளங்களுக்கு வருவதில்லை. ரவி வர்மா 1899-ல் வரைந்த தமயந்தி படம் அந்த உருவத்தை நம் மனதில் நன்றாகப் பதித்துவிட்டது. பழைய நூல்களின் அன்னம் வரித்தலை வாத்துதான் என்பாரும் உண்டு. சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. இமயத்தைத் தாண்டி வந்து பக்கத்து மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் இறங்கும்.

ஆனால் என் மனதிலிருக்கும் அன்னம் புறநானூற்றின் 67-ஆம் பாட்டில் இருக்கிறது. பிசிராந்தையார் ஓர் அன்னச் சேவலைக் கூப்பிட்டுச் சொல்கிறார்: "குமரியம் பெருந்துறை அயிரை மாந்தி" வடமலைக்குத் திரும்புகிறாயா, வழியில் உறையூர் மாடத்தில் இறங்கு. வாசலில் தயங்காமல் அரண்மனைக்குள் போ. பிசிராந்தையின் அடியவன் என்று கிள்ளியிடம், அதாவது கோப்பெருஞ்சோழனிடம், சொல். உன் பேடை அணிய நல்ல நகை தருவான். இத்தனைக்கும் அந்தச் சோழனும் பிசிராந்தையாரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. பால் இல்லை, தாமரை இல்லை. நம்ம கடல்துறையில் வயிறார மீன் தின்ற பறவை, காணாத நண்பனுக்கு அன்பைச் சுமந்துபோகிறது. அன்னத்தை மனதில் நிறுத்த விரும்புகிறவர்கள் இங்கிருந்து தொடங்குங்கள்.

சுசீந்திரத்திலிருந்து ஒருவர்: அன்னமாப் பறந்து பொய் சொன்னதால பிரம்மாவுக்குக் கோயில் இல்லன்னு சொல்லுவாங்க. நம்ம ஊர்ல மட்டும் எப்படி?

திருவண்ணாமலைக் கதை அது. சிவனின் முடியைத் தேடி அன்னமாய்ப் பறந்து, காணாமலே கண்டதாகச் சொல்லி, தாழம்பூவைச் சாட்சிக்கு இழுத்தார் பிரம்மா. நம் சுசீந்திரம் கோயில் சாமி தாணுமாலயன் பெயரில் தாணு சிவன், மால் திருமால், அயன் பிரம்மா. லிங்கத்தின் அடி அயன், நடு மால், முடி தாணு என்று வணங்குகிறோம். முடி தேடிப் பறந்தவர் இங்கே அடியில் இருக்கிறார் பாருங்கள். சந்நிதியில் நிற்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றும். பகுத்தறியும் பறவைக்கும் கர்வம் வந்தால் பொய் வாயில் வந்துவிடும்.

தக்கலையிலிருந்து ஒருவர்: எனக்க அம்மைக்கு மூச்சு இழுப்பு உண்டு. ஹம்ஸ ஜபம் செய்யலாமா?

செய்யலாம் மக்களே, மூச்சை மட்டும் அடக்க வேண்டாம். ஹம்ஸம் என்றால் அன்னம்தான். மூச்சு உள்ளே வரும்போது 'ஸோ', வெளியே போகும்போது 'ஹம்' என்று மனதுக்குள் கேட்டால் போதும். ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்பது யோக நூல் கணக்கு, நிமிடத்துக்கு 15. நாம் சொல்லாமலே நடப்பதால் இதை அஜபை என்றார்கள். அம்மையை நிமிர்ந்து உட்காரவைத்து ஐந்து நிமிடம் கவனிக்கச் சொல்லுங்கள். இழுப்பு வந்த அன்றைக்கு விட்டுவிடட்டும். மருந்தை நிறுத்தவே கூடாது.

குளச்சலிலிருந்து ஒரு சகோதரி: நாங்க கிறிஸ்தவங்க. இது எங்களுக்கு ஆகுமா?

உங்கள் ஜெபத்தையே மூச்சோடு சேருங்கள். கீழைத் திருச்சபைத் துறவிகள் இயேசுவின் பெயரை அப்படித்தான் மூச்சோடு சொல்லிவந்தார்கள்.

கன்னியாகுமரியிலிருந்து ஒருவர்: இராமகிருஷ்ண மடத்துச் சின்னத்துல அன்னம் எதுக்கு?

1892 டிசம்பரில் நம் பாறையில் தியானம் செய்த விவேகானந்தரே அமைத்த சின்னம். அலை கர்மம், தாமரை பக்தி, உதிக்கும் சூரியன் ஞானம், சுற்றியிருக்கும் பாம்பு யோகம். நான்கும் சேர்ந்தால் கிட்டும் பரமாத்மாதான் அன்னம். அவர் குருவும் பரமஹம்சர் அல்லவா!

மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர்: வெளிநாட்டுக் கதைகள்லயும் அன்னம் உண்டா, டீச்சர்?

நிறைய. சாகும்போது அன்னம் பாடுவது துக்கத்தால் அல்ல, தன் தெய்வத்திடம் போகிற மகிழ்ச்சியால் என்று சாக்ரடீஸ் சொன்னதாக பிளேட்டோ எழுதியிருக்கிறார். அயர்லாந்துக் கதையில் லிர் அரசனின் பிள்ளைகள் நால்வர் 900 ஆண்டு அன்னமாக அலைகிறார்கள்.

வடசேரியிலிருந்து ஒருவர்: அன்னம் வைத்த குத்துவிளக்கு வாங்கியிருக்கோம். ஏதாவது விதி உண்டா?

சுடர் கிழக்கு பார்க்கட்டும். புளி போட்டுத் தேய்க்கும்போது உச்சி அன்னத்தைத் திருகிக் கழற்றி, மரையையும் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு அங்கேதான் கட்டும்.