மரப்பாலத்துக்கு எதற்குக் கூரை? கேள்வி பதில்

கிண்டி, சிவில் மாணவி: சார், பனி உள்ளே விழாமல் இருக்கத்தான் கூரை போட்டார்களா?

பதில்: இல்லைம்மா. அமெரிக்காவில் குளிர்காலத்தில் சறுக்குவண்டி ஓடுவதற்காக ஆள் வைத்துப் பாலத்துக்குள் பனியை வாரிக் கொட்டினார்கள்! கூரையும் பக்கப் பலகையும் காப்பது டிரஸ்ஸை, அதாவது பாலத்தைத் தாங்கும் மரச் சட்டகத்தை. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை பிடிக்காது. நனையாத பாலம் நூறு வருடம் தாண்டுவது அதனால்தான்.

அம்பத்தூர்: பர், டவுன் என்ற இரண்டு டிரஸ் வகைகளில் பழுது பார்க்க எது சுலபம்?

பதில்: என் ஓட்டு டவுனுக்கு. தியோடர் பர் 1817இல் காப்புரிமை பெற்றது டிரஸ்ஸோடு வளைவும் சேர்ந்தது. கனத்த உத்தரங்கள், கழற்றுவது பெரும்பாடு. இதியல் டவுனின் 1820 வகை, பலகைகளைக் குறுக்கு மறுக்காக வைத்து மரமுளை அடித்தது. மக்கிய பலகையை மட்டும் மாற்றலாம்.

வடபழனி: சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகரில் இருக்கும் கூரை போட்ட மரப்பாலம் பழசா, புதுசா?

பதில்: பிறப்பு 14ஆம் நூற்றாண்டு. 1993 ஆகஸ்ட் தீயில் பெரும்பகுதி போய், 1994 ஏப்ரலில் மறுபடி திறந்தார்கள். இன்று நடப்பது பெரும்பாலும் புது மரத்தின் மேல்.

பெரம்பூர், மரவேலை கான்ட்ராக்டர்: அண்ணே, டிரஸ்ஸின் கீழ் உத்தரத்தின் நுனி மக்கினால் முழுசும் மாற்றணுமா?

பதில்: வேண்டாம், நுனி ஒட்டினால் போதும். கல்தூணில் உட்காரும் இடத்தில் சருகும் மண்ணும் சேர்ந்து ஈரத்தைப் பிடித்துவைக்கும், வெட்டுமுகம் அதை உறிஞ்சும். முதலில் ஒழுகலை அடையுங்கள். குத்தூசியால் குத்திப் பார்த்து, நல்ல மரம் தொடங்கியபின் இன்னும் ஓரடி தள்ளி வெட்டுங்கள். அதற்கு முன் முட்டுக் கொடுத்து, இரண்டு பக்கமும் ஒரே சமமாக, ஜாக்கியால் சில மில்லிமீட்டராகத் தூக்கணும். அவசரப்பட்டால் வேறெங்கோ ஒரு குடுமி (இன்னொரு மரத்தின் துளையில் செருகிய நுனி) பிளக்கும். கீழ் உத்தரம் இழுவிசையில் இருப்பது, வெறும் சாய்வெட்டு ஒட்டு தாங்காது. இருபுறமும் இரும்புப் பட்டை, கணக்குப் போட்ட போல்ட் வேண்டும். புது மரம் அதே ஜாதி, நன்றாக உலர்ந்தது. பச்சை மரம் சுருங்கினால் போல்ட் தளரும். உத்தரத்துக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு தனிக்கட்டை வையுங்கள். அடுத்த முறை மக்குவது அதுவாக இருக்கட்டும்.

மயிலாப்பூர்: எங்கள் மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட தளம்) வீட்டிலும் சுவருக்குள் போகும் தேக்கு நுனி உதிர்கிறது, சார்.

பதில்: அதே வியாதிதான். மேலே தட்டோட்டின் விரிசலில் சிமெண்ட் பூசியிருப்பீர்கள். அது சுண்ணாம்போடு ஒட்டாமல் பிளந்து, ஓரமாகத் தண்ணீரை இறக்குகிறது. சுவர்ப் பொந்தில் காற்றுமில்லை. உத்தரங்களுக்குக் குறுக்கே பலகை கொடுத்து, சவுக்குக்கம்பு முட்டு வைத்தபிறகே கை வையுங்கள்; உத்தரம் நழுவினால் மேலே குத்துவாட்டில் அடுக்கிய செங்கல் கொட்டும். மக்கியதை வெட்டி, இருபுறமும் இரும்பு சேனல் வைத்து போல்ட் போட்டு, சுவரில் ஆறங்குலமாவது உட்கார வையுங்கள். நுனியைச் சுற்றி அரை அங்குலம் காலியாக இருக்கட்டும், சிமெண்ட்டால் அடைக்காதீர்கள். மேல்தளத்துக்குக் கடுக்காய்த் தண்ணீர் சேர்த்த சுண்ணாம்பு. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அது இறுகியிருக்கணும், ஆகவே வேலையை மாசி, பங்குனியில் தொடங்குங்கள்.