மகள் விமானச் சரக்குத் துறையில் ஆய்வு செய்யப் போகிறாளாம்!

சிவில் பொறியியல் முடித்த கையோடு போக்குவரத்துப் பொறியியலில் முதுகலை, பிறகு விமானச் சரக்குப் போக்குவரத்தில் முனைவர் பட்டம், அதன்பின் பேராசிரியர் வேலை என்று உங்கள் மகள் திட்டம் போட்டிருக்கிறாள். நேராக ஒரு விமான நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தால் என்ன என்று கேட்கிறீர்கள். சேரலாம், தவறில்லை. ஆனால் அவளுக்குப் பிடித்திருப்பது விமானமா, கணக்கா என்று முதலில் விசாரியுங்கள். விமானம் மட்டும்தான் என்றால் இந்த ஆய்வுப் படிப்பு சலித்துவிடும். பெரும்பாலான நாள்கள் கணினி முன்தான் கழியும்.

கணக்கு என்றால் விருந்துதான். 60 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் உள்ள அட்டைப்பெட்டி ஒன்று. எடை 12 கிலோ. விமானச் சரக்கில் கன அளவை 6,000 ஆல் வகுப்பது வழக்கம். 20 கிலோ வருகிறது. இரண்டில் எது பெரிதோ அதற்குத்தான் கட்டணம். இதுவரை பள்ளிக் கணக்கு. பயணிகள் விமானத்தின் கீழ்த்தளத்தில் சரக்குக்கு எவ்வளவு இடம் மிஞ்சும் என்பது பயணிகளின் பெட்டிகளும் எரிபொருளும் முடிவான பிறகே உறுதியாகும். முன்பதிவையோ பல நாள்களுக்கு முன்பே ஏற்றாக வேண்டும். பதிவு செய்தவர்களில் சிலர் சரக்கைக் கொண்டுவருவதே இல்லை. அப்படியானால் கொள்ளளவுக்கு மேல் எவ்வளவு ஏற்கலாம்? இதைக் கேட்டதும் அவள் தாளையும் பேனாவையும் எடுத்தால் உங்கள் கவலையில் பாதியை விட்டுவிடலாம்.

புள்ளியியல், உகப்பாக்கம் (பல வழிகளில் சிறந்ததைக் கணக்கிட்டுக் கண்டுபிடிப்பது), நிரலாக்கம் மூன்றும் இல்லாமல் இங்கே ஆய்வு நகராது. பொருளியலும் கொஞ்சம் வேண்டும். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் பார்ட் என்ற நகர்ப்புற ரயில் ஓடுவதற்கு முன்பே எத்தனை பேர் அதற்கு மாறுவார்கள் என்று கணித்த டேனியல் மெக்ஃபேடன் பொருளியலாளர்; மனிதர்களின் தேர்வுகளை ஆராயும் முறைகளுக்காக 2000 ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர்.

வேலை விஷயத்தில் ஒளிக்காமல் சொல்கிறேன். நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்கள் குறைவு. பட்டம் வாங்கிய பிறகும் சில ஆண்டுகள் ஒப்பந்த ஆய்வாளராக ஊர் ஊராக மாற வேண்டி வரலாம். கதவு முழுதாக அடைபடாது என்பது ஆறுதல்: விமான நிறுவனங்கள், விமான நிலையங்கள், சரக்கு முகவர்கள், ஆலோசனை நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கு தெரிந்தவர்கள் தேவை.

பல்கலைக்கழகத்தின் பெயரைவிட ஆய்வை நெறிப்படுத்தும் பேராசிரியரான வழிகாட்டிதான் முக்கியம். அவரிடம் உங்கள் மகள் இரண்டு கேள்விகளைக் கூச்சப்படாமல் கேட்கட்டும். ஆய்வுக்கான தரவு எங்கிருந்து வரும்? முன்பு உங்களிடம் படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? முன்பதிவு விவரங்களை நிறுவனங்கள் எளிதில் வெளியே விடுவதில்லை. தரவு கைக்கு வராமல் பாதியில் தலைப்பை மாற்றுவது பெரும் வேதனை. உதவித்தொகை இல்லாத முனைவர் பட்ட இடத்தை, எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், ஏற்க வேண்டாம்.

இப்போதைக்கு ஆய்வேடு எழுத வைக்கும் முதுகலைப் படிப்பாகப் பார்த்துச் சேருங்கள். முனைவர் பட்டம் வேண்டுமா என்பதை அந்த ஆய்வேட்டை முடித்த பிறகு அவளே முடிவு செய்யட்டும்.