கண்ணீர் வரவில்லை என்று கலங்க வேண்டாம்
மகனை இழந்த தாயின் காட்சியை நடிகர் தேர்வில் வாசிக்க வேண்டும், ஆனால் பயிற்சியின்போது அழுகை வர மறுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். துயரத்தில் இருப்பவர் பெரும்பாலும் அழாமல் இருக்கத்தான் பாடுபடுவார் என்பதால், கண்ணீரை விட்டுவிட்டு, எதிரில் இருப்பவரிடமிருந்து அந்தத் தாய் எதைப் பெற நினைக்கிறாள் என்பதை ஒவ்வொரு வரியிலும் தேடுங்கள். மகனின் சட்டையை மடித்தபடியே பேசுவதாக வைத்துக்கொண்டால், ஒரு பொத்தானில் விரல் தயங்கி நிற்கும் நொடி விம்மலைவிட ஆழமாகத் தைக்கும். நாடகம் முழுவதையும் முன்பே படித்துவிடுங்கள். உடன் வாசிப்பவர் பேசும்போது தாளைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பாருங்கள். இதை நான் மிகவும் வலியுறுத்துவேன். அதே காட்சியை வேறு விதமாகச் செய்யுமாறு இயக்குநர் கேட்டால் சோர்ந்துவிடாதீர்கள், உங்களால் மாற்றி நடிக்க முடிகிறதா என்றுதான் அவர் பெரும்பாலும் பார்க்கிறார்.