முந்தானையும் மூக்கும்

அன்புள்ள ஐயா,

போன மாதம் குமுளியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, மகள் கையிலிருந்த சிப்ஸ் பாக்கெட்டை ஒரு குரங்கு பிடுங்கிக்கொண்டு ஓடியது. அவள் பயப்படுவது சரி. அன்று வீட்டில் இருந்த சின்னவனும் இப்போது குரங்கைக் கண்டால் அலறுகிறான். பண்பாட்டை அறிவால் கற்கிறோம், உணர்ச்சி மிருகத்தின் மிச்சம் என்று நினைத்திருந்தேன். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

க., கூடலூர் (தேனி)

அன்புள்ள க.,

சின்னவன் அக்காவின் முகத்தைப் பார்த்துப் பயந்திருக்கிறான். குரங்குகளே அப்படித்தான் கற்கின்றன. அமெரிக்காவில் உளவியலாளர் சூசன் மினெக்கா குழுவினர் 1984-ல் வெளியிட்ட ஆய்வில், பாம்பைச் சட்டை செய்யாத ஆறு ரீசஸ் குரங்குகள், காட்டில் வளர்ந்த தங்கள் தாய் தகப்பன் பாம்பைக் கண்டு மிரள்வதைப் பார்த்தன. ஐந்துக்குப் பயம் தொற்றிக்கொண்டது. மூன்று மாதம் கழித்தும் போகவில்லை. ஒரு கடிகூடப் படாமல்! பிறகு மிரளும் குரங்கின் வீடியோவை வெட்டி ஒட்டி, அது பூவைக் கண்டு மிரள்வதுபோலவும் காட்டிப் பார்த்தார்கள். அது எடுபடவில்லை. கண்டதற்கெல்லாம் பயத்தை ஊட்டிவிட முடியாது.

அருவருப்பும் இப்படித்தான் வந்து சேர்கிறது. கம்பத்தில் எங்கள் வீட்டில் கடலை எண்ணெய். குமுளி அத்தை வீட்டில் தேங்காய் எண்ணெய். அத்தை மீன் பொரிக்கும்போது அம்மா ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். முந்தானை மட்டும் மெல்ல மூக்குக்குப் போகும். பத்து வயதுவரை அந்த வீட்டு மீனை நான் தொட்டதில்லை. (சாதி விஷயத்திலும் இதே முந்தானைதான். அதைத் தனியாக எழுத வேண்டும்.)

அப்புறம் ஒருநாள் அத்தை மகள் தன் தட்டிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து என் வாயில் திணித்தாள். அவளிடம் எனக்குக் கொள்ளைப் பிரியம், துப்பவில்லை. குரங்குகளிடமும் இதைப் பார்க்கலாம். ஜப்பானின் கோஷிமா தீவில் 1953-ல் இமோ என்ற ஒன்றரை வயதுப் பெண்குரங்கு சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மண்ணைத் தண்ணீரில் கழுவித் தின்னத் தொடங்கியது. அதனிடம் முதலில் கற்றவை, அதன் அம்மாவும் உடன் விளையாடிய குட்டிகளும். ஒதுங்கியிருந்த பெரிய கடுவன்கள் கடைசிவரை மண்ணோடுதான் தின்றன.

மினெக்கா இன்னொன்றும் கண்டார். பயப்படாத குரங்கை முதலில் பார்த்துப் பழகியவை, பிறகு மிரளும் குரங்கைப் பார்த்தபோதும் பெரும்பாலும் பயப்படவில்லை. சின்னவனுக்கு இது கொஞ்சம் தாமதம்தான். ஆனாலும் அடுத்தமுறை குமுளியில் பழம் விற்கும் அக்காமார் பக்கத்தில் அவனை அரைமணி நேரம் உட்கார வையுங்கள். குரங்கு வந்தால், சில்லறையை எண்ணியபடியே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் குச்சியைத் தரையில் ஒரு தட்டு தட்டுவார்கள்.