வளர்ப்பறைக்கு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வாங்கலாமா?

வாசகர் கேள்வி: 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரமுள்ள அறையில் எல்இடி விளக்கு போட்டு, மண்ணில்லா முறையில் லெட்டூஸும் பேசிலும் வளர்க்கிறேன். செடிப்பரப்பு சுமார் 6 சதுர மீட்டர். விளக்கு தினமும் 16 மணி நேரம் எரியும். சூடு தங்காமலிருக்க, மணிக்கு 200 கன மீட்டர் காற்றை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் ஃபேன் எந்நேரமும் ஓடுகிறது. வளர்ச்சி ஓர் அளவோடு நின்றுவிடுகிறது. லெட்டூஸின் உள்ளிலைகள் ஓரத்தில் கருகுகின்றன. சர்க்கரையும் ஈஸ்டும் போட்ட பாட்டிலைத் தொங்கவிட்டேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. 9 கிலோ கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வாங்கலாமா? வாங்கினால் எத்தனை பிபிஎம்மில் வைப்பது?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். அந்த ஃபேன் ஓடும்வரை சிலிண்டர் எத்தனை கிலோவாக இருந்தாலும் அது வெளிக்காற்றுக்குத்தான் போய்ச் சேரும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் அறையின் கொள்ளளவு 22.5 கன மீட்டர். வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய 420 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு, இருக்கிறது. பலரும் சொல்லும் 1,200 பிபிஎம்முக்கு அறையைக் கொண்டுவர இன்னும் 800 பிபிஎம் சேர்க்க வேண்டும். அதற்குத் தேவை வெறும் 18 லிட்டர் வாயு, எடையில் 32 கிராம் அளவுக்கு. கேட்க மலிவாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் ஃபேன் மணிக்கு ஒன்பது முறை அறைக்காற்றை மாற்றிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் அந்த 32 கிராம் போய்விடும், அதாவது மணிக்கு 290 கிராம் நஷ்டம். 9 கிலோ சிலிண்டர் 31 மணி நேரம் தாங்கும். 16 மணி நேர விளக்கு என்றால் இரண்டாம் நாள் முடிவதற்குள் காலி.

ஈஸ்ட் பாட்டில் ஏன் பலிக்கவில்லை என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. 200 கிராம் சர்க்கரை முழுக்கப் புளித்து முடிந்தாலும் 100 கிராம் வாயுதான் கிடைக்கும், அதுவும் பல நாட்களில் சிறிது சிறிதாக. உங்கள் ஃபேனுக்கு அது இருபது நிமிட வேலை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இவ்வளவு காற்று மாறும் அறையில் செடிகளுக்குக் கார்பன் டை ஆக்சைடு பஞ்சமே இல்லை, வெளியே இருக்கும் அளவு உள்ளேயும் இருக்கும். காற்று நுழைய வழியில்லாமல் அடைத்துப் போட்டு, நெருக்கமாகச் செடி வைத்த அறைகளில்தான் அளவு 200 பிபிஎம்முக்குக் கீழேகூட இறங்கி, செடி அப்படியே நின்றுவிடும். உங்களுடையது அந்த நோய் இல்லை.

கருகும் உள்ளிலைதான் உண்மையான துப்பு. அது கால்சியம் போய்ச் சேராததால் வருவது. பெரும்பாலும் உரக்கரைசலில் கால்சியம் இருக்கும், ஆனால் இலை நுனிக்குப் போகாது. கால்சியம் நீரோடு சேர்ந்துதான் மேலேறும். எந்த இலை நீரை ஆவியாக விடுகிறதோ அந்த இலைக்குத்தான் அது போகும். நடுவில் சுருண்டு மூடிக் கிடக்கும் இளந்தளிரில் காற்றே படாது, ஆவியாதலும் இல்லை, கால்சியமும் இல்லை. இதன்மேல் கார்பன் டை ஆக்சைடைக் கூட்டினால் இரண்டு வகையில் கெடுதல். அந்த வாயு அதிகமானால் இலைத்துளைகள் பாதி மூடிக்கொள்ளும், நீர் மேலேறுவது குறையும். அதே நேரம் தளிர் இன்னும் வேகமாக வளரும், கால்சியம் இன்னும் பின்தங்கும். சிலிண்டர் வாங்கிய அடுத்த வாரமே கருகல் இரட்டிப்பாகிவிட்டது என்று வருபவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

ஆகவே முதல் வேலை, செடிகளுக்கு மேலிருந்து நடுத்தளிரைப் பார்த்து வீசும்படி ஒரு சின்ன மின்விசிறி. இலைகள் லேசாக நடுங்கினால் போதும், படபடக்கத் தேவையில்லை. இரண்டாவது, ஒளி. கைப்பேசியின் லக்ஸ் செயலியில் இலைமட்டத்தில் பாருங்கள். வெள்ளை எல்இடி என்றால் லக்ஸை 70ஆல் வகுத்தால் செடிக்குப் பயன்படும் ஒளி, சதுர மீட்டருக்கு விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் என்று தோராயமாகக் கிடைக்கும். (ஊதா விளக்குக்கு இந்த வகுத்தல் செல்லாது.) லெட்டூஸுக்கு 200 முதல் 250 வேண்டும், அதாவது 14,000 முதல் 17,500 லக்ஸ். உங்களுக்கு 8,000 காட்டினால் வளர்ச்சி நிற்பதற்குக் காரணம் அங்கேயே இருக்கிறது. ஒளி குறைந்த இடத்திலும் கூடுதல் வாயுவால் கொஞ்சம் பலன் உண்டுதான், ஆனால் அந்தக் கொஞ்சத்துக்காக ஒரு சிலிண்டரைக் கட்டி மேய்ப்பதைவிட இன்னொரு விளக்கு லாபம்.

இவ்விரண்டையும் சரிசெய்த பிறகும் ஆசை விடவில்லை என்றால், அறையை அடைக்க முடியுமா என்று பாருங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தினால் சூட்டை ஏசி எடுக்க வேண்டும். சாதாரண ஸ்பிளிட் ஏசி அறைக்காற்றையேதான் சுழற்றும், எனவே வாயு போகாது. ஈரத்தையும் யாராவது எடுத்தாக வேண்டும். செடிக்கு ஊற்றும் தண்ணீரில் பெரும்பகுதி ஆவியாகி அறைக்குள்தான் வருகிறது. ஈரம் உறிஞ்சும் கருவி இல்லாத அடைத்த அறையில் பூஞ்சை வராமல் இருக்காது. செலவின் பெரும்பங்கு இங்கேதான், சிலிண்டரில் இல்லை.

அறை எவ்வளவு ஒழுகுகிறது என்பதைச் சிலிண்டர் இல்லாமலே கண்டுபிடிக்கலாம். ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் மட்டும் போதும். ஃபேனை நிறுத்தி, அதன் துவாரத்தை டேப் போட்டு மூடி, விளக்கை அணைத்துவிட்டு, நண்பரோடு உள்ளே உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள். சும்மா இருக்கும் மனிதர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வெளிவிடுகிறார். நமக்கு வேண்டிய அதே 18 லிட்டர்! ஒழுக்கு இல்லாத அறையில் இருவர் அரை மணி நேரம் இருந்தாலே மீட்டர் 1,200ஐத் தொடும். தொட்டதும் இருவரும் வெளியேறிக் கதவைச் சாத்திவிட்டு, 800க்கு இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அரை மணி நேரம் என்றால் 1,200இல் நிறுத்திவைக்க மணிக்கு 45 கிராம் ஒழுக்குக்கே போகும். இரண்டு மணி நேரம் என்றால் 11 கிராம்தான். செடிகள் சாப்பிடுவது உங்கள் பரப்புக்கு மணிக்கு ஒரு 12 கிராம். முதல் அறையில் சிலிண்டர் 10 நாள், இரண்டாவதில் மூன்று வாரத்துக்கு மேல். எவ்வளவு பேசியும் மீட்டர் 800ஐயே தாண்டவில்லை என்றால் கதவிடுக்கைப் பார்க்கப் போங்கள்.

அளவைப் பொறுத்தவரை 800 முதல் 1,000 பிபிஎம் போதும் என்பது என் கருத்து. 420இலிருந்து 800 வரை ஏறும்போதுதான் பலன் அதிகம், அதற்குமேல் வளைகோடு படுத்துவிடும். 1,500க்கு மேல் வெறும் செலவு. விளக்கு அணைந்ததும் வால்வு மூட வேண்டும், இருட்டில் லெட்டூஸும் பேசிலும் இதைத் தொடாது. வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால், துளையிட்ட குழாயைச் செடிகளுக்கு மேலே ஓட்டுங்கள். மீட்டரின் சென்சார் இலைமட்டத்தில், குழாயிலிருந்து தள்ளி இருக்கட்டும்.

மீட்டரில் ஒரு கண்ணி உண்டு. பல மீட்டர்களில் தானியங்கி அளவுத்திருத்தம் இருக்கும். சில நாட்களில் தான் கண்ட மிகக் குறைந்த அளவையே வெளிக்காற்று, அதாவது 400 என்று அது எடுத்துக்கொள்ளும். வீட்டு அறைக்குச் சரி. எப்போதும் 700க்குக் கீழே இறங்காத வளர்ப்பறையில் அது 700ஐயே 400 என்று காட்ட ஆரம்பித்துவிடும். என் அறையில் ஒரு மாதம் இப்படித்தான் சிலிண்டர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தீர்ந்துகொண்டே இருந்தது. மீட்டரைத் திறந்த வெளிக்குக் கொண்டுபோனேன், 150க்கும் கீழே காட்டியது. அந்த வசதியை அணைத்துவிட்டு, மாதம் ஒருமுறை வெளியே வைத்து நீங்களே திருத்துங்கள். திருத்தும்போது அதன்மேல் மூச்சுவிடாதீர்கள்.

சிலிண்டரின் அழுத்தமானியை நம்பி எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. உள்ளே திரவம் இருக்கும்வரை 20 டிகிரியில் அது 57 பார் என்றே நிற்கும், திரவம் தீர்ந்த பின்தான் சரியும். எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். 31 டிகிரிக்கு மேல் உள்ளே திரவ நிலையே கிடையாது, அழுத்தம் விறுவிறுவென ஏறும். ஆகவே சிலிண்டர் வளர்ப்பறைக்கு வெளியே, நிழலில், காற்றோட்டமான இடத்தில், நிமிர்த்திச் சங்கிலியால் கட்டி இருக்க வேண்டும்.

வெளியே வைக்கச் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. 9 கிலோ என்பது 5,000 லிட்டர் வாயு. வால்வு பழுதாகி முழுவதும் உங்கள் அறைக்குள் கொட்டினால் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு கார்பன் டை ஆக்சைடு. 10 சதவீதத்திலேயே சில நிமிடங்களில் நினைவு தப்பும். வாசனையும் நிறமும் கிடையாது. எட்டு மணி நேர வேலைக்கு அனுமதிக்கும் சராசரி 5,000 பிபிஎம். அந்த அளவில் அலறும் எச்சரிக்கைக் கருவி ஒன்று உள்ளே தாழ்வாகவும், அதன் திரை கதவுக்கு வெளியிலும் வேண்டும். அது அலறும்போது உள்ளே யாராவது விழுந்து கிடந்தால் ஓடிப்போய்த் தூக்காதீர்கள். பாழுங்கிணற்றில் ஒருவர் பின் ஒருவராக இறங்கி எல்லாரும் போவது இப்படித்தான். வெளியே வால்வை மூடுங்கள், கதவைத் திறந்துவிடுங்கள், எக்ஸாஸ்டைப் போடுங்கள், உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள்.

காஸ் பர்னர் எரித்து வாயு உண்டாக்கலாம் என்றும் யாராவது சொல்வார்கள். ஒரு கிலோ புரோப்பேன் 3 கிலோ கார்பன் டை ஆக்சைடு தரும், கூடவே 1.6 கிலோ நீராவியும் சூடும். சரியாக எரியாவிட்டால் உங்களுக்குக் கார்பன் மோனாக்சைடு, செடிக்கு, இலையைச் சீக்கிரம் முதிரவைக்கும் எத்திலீன் வாயு. இந்தச் சின்ன அறைக்கு அது வேண்டவே வேண்டாம்.

அந்த ஈஸ்ட் பாட்டிலை இன்றே எடுத்துவிடுங்கள், புளித்த வாடைக்குப் பழ ஈ வரும். மின்விசிறி மாட்டிப் பத்து நாள் கழித்துப் புதிதாக வரும் உள்ளிலைகளைப் பாருங்கள். ஏற்கெனவே கருகியவை தேறாது.